ஏழு நாள் காய வேண்டிய பசை

"யாரு, அந்தச் சண்டைக்காரப் பாயம்மாவா?" என்று ராஜபாளையத்தில் இன்றைக்கும் எவனாவது சிரித்தால் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. சிரிக்கிறவன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இத்தனை வருஷம் ஒழுகாமல் நிற்பது அந்தச் சண்டையால்தான். அது அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டான். நன்றி கெட்ட பயல்கள் என்று வாய் நிறையத் திட்டலாம். ஆனால் அந்த வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன். அதனால் முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பெயின்ட், இரும்புச் சாமான் கடை. புருஷன் பாய் உயிரோடு இருந்த காலத்தில் பாயம்மா கடைப்படி ஏறியதே இல்லை என்பார்கள். நான் பார்த்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருந்த பாயம்மாவைத்தான். தலையில் முக்காடு, காதோரம் செருகிய பென்சில், விரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் காய்ந்த பெயின்ட். பெயர் எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஊருக்கே அவர் பாயம்மா.

கேட்டதை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுகிற பழக்கமே அந்தக் கடையில் கிடையாது. முதலில் விசாரணை. போலீஸ் ஸ்டேஷனில்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். எண்பதுகளின் கடைசியில், ஒரு பஞ்சாலையில் நான் பிட்டராகச் சேர்ந்த புதிதில், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அந்தக் கடையில் போய் நின்றேன்.

"சிலிக்கான் ஒரு ட்யூப் குடுங்க பாயம்மா."

"எது ஒழுகுது?"

"குழாய்."

"குழாயில எங்க? மரையிலயா, சுவத்துலயா, உள்ள வாஷர்லயா?"

"அதைப் பார்க்கலையே."

"பார்க்காம எதை வச்சு எதை அடைக்கப் போற? போயி பார்த்துட்டு வா. அடுத்தாளு யாரு?"

மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. பின்னால் நின்ற கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இனி இந்தக் கடை வாசலை மிதிப்பேனா என்று கறுவிக்கொண்டே வீட்டுக்குப் போய்க் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். வாஷர் தேய்ந்து கிழிந்திருந்தது. சில்லறைக் காசில் முடிகிற காரியம். அதை வாங்கத் திரும்பப் போனால் அதற்கும் ஒரு திட்டு. "மில்லுல மிசினைக் கழட்டி மாட்டுறவன், வீட்டுக் குழாயக் கழட்டிப் பார்க்க மாட்டியோ? சைக்கிள் மிதிச்சதுதான் மிச்சம்."

இது வியாபாரத் தந்திரம் என்று சிலர் சொன்னார்கள். வந்தவனைத் துரத்தி அனுப்புவதில் என்ன தந்திரம்? பொருள் வீணாகக் கூடாது, வேலை பாழாகக் கூடாது. அந்த அம்மாவுக்கு அது ஒரு வெறி. கடையின் பின்சுவர் ஓரமாக ஒரு நீளப் பலகை இருந்தது. அதன் மேல் வரிசையாக பிளாஸ்டிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர். தண்ணீருக்குள் இரும்போடு ஒட்டிய ஓடு, தகரத்தோடு ஒட்டிய மரம், சிமென்ட் சில்லோடு ஒட்டிய பித்தளை. குவளையின் மேல் ஊறப்போட்ட தேதி. பசைக் கம்பெனி ஆள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் சரக்கு மலையையே ஒட்டும் என்று அளந்தால் பாயம்மா நிதானமாகச் சொல்வார். "மலை எனக்கு வேண்டாம். ஒரு ட்யூப் வச்சிட்டுப் போங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, பேசுவோம்." பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டார்கள்.

ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு சீட் முன்னால் பாயம்மா. வழியில் தெலுங்கு பேசுகிற ராஜு ஒருவர் வீட்டில் கல்யாணத்துக்கு வெள்ளையடிப்பு நடந்தது. முதல் நாள் பெய்த மழையில் சுவர் நனைந்து கிடக்க, அதன் மேலேயே பெயின்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். டப்பா பாயம்மா கடை டப்பா. ஜன்னல் வழியாகப் பார்த்தாரோ இல்லையோ, "நிறுத்து, நிறுத்து" என்று ஒரே சத்தம். கண்டக்டர் பயந்துபோய் விசிலை ஊதினார். இறங்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போய் ஏணியைப் பிடித்து ஆட்டினார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே இறங்கிவிட்டேன்.

"இறங்குலே கீழ! ஈரச் சுவத்துல பூசச் சொல்லியா டப்பாவைக் குடுத்தேன்?"

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "நாலு நாள்ல கல்யாணம்மா, எங்க அவசரம் உங்களுக்குத் தெரியாதா?"

"ரெண்டு நாளு காய விட்டு, ரெண்டு நாளுல பூசுங்க. இப்பப் பூசுனா தாலி கட்டுறதுக்குள்ள உரிஞ்சு தொங்கும். வந்தவுக வாயில உங்க வீடுதான் அவலு."

அவர் தெலுங்கில் என்னமோ முணுமுணுத்தார். ஆனால் பூச்சை நிறுத்தினார். பஸ் போய்விட்டது. பாயம்மா அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றார். இப்படி ஒரு மனுஷியை எந்த ஊராவது தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும். எங்கள் ஊர் சண்டைக்காரி என்று பெயர் வைத்தது.

இனி என் லட்சணம்.

தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை மாதம். வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயின் மீன் குத்தகையை என் அண்ணனும் நாலைந்து பேரும் சேர்ந்து எடுத்திருந்தார்கள். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துக் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. கரையில் நின்று வலை வீசி ஆகாது என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய பைபர் படகை வாங்கி லாரியில் கொண்டுவந்தார்கள். விற்ற புண்ணியவான் கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டிருந்தான். துடுப்பு மாட்டும் கொண்டி இல்லை, கயிறு கட்டும் வளையம் இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், படகின் பின்பக்கம் அடியில், உள்ளே சேருகிற தண்ணீரைக் கரையில் வைத்து வெளியே விடுவதற்கு ஒரு துவாரம் உண்டு. அது வெறும் ஓட்டையாகக் கிடந்தது. அதில் ஒரு பித்தளை வளையத்தைப் பதித்து, நாலு போல்ட் போட்டு முறுக்கி, திருகு மூடி போட வேண்டும். நான் பிட்டர் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. மீன் குத்தகை எடுத்தவனுக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்டால் நான் என்ன செய்ய? தெரியாது, அவ்வளவுதான். வளையத்துக்கும் படகுக்கும் நடுவில் வைக்கிற பசை விட்டுவிட்டால் அண்ணன் தண்ணீருக்குள். இது எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது.

நான் கடைக்குப் போனபோது ஒருவர் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் புதுவீடு பால் காய்ச்ச வேண்டும், தொட்டி விரிசலுக்கு ஏதாவது கொடு என்று கேட்டிருக்கிறார். "பசைக்குப் பஞ்சாங்கம் தெரியாதுய்யா! நாளைக்குத் தண்ணி ஊத்துறதுன்னா என் கடையில ஒண்ணும் கிடையாது, நடையக் கட்டும்" என்று விரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். படகு என்றதும் முகமே மாறிப்போனது.

"படகா? நம்ம ஊர்லயா?" ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "மரமா, இரும்பா, பைபரா?"

"பைபர்."

"மரம்னா குங்கிலியத்தைக் காய்ச்சி எண்ணெயில குழைச்சு அடைச்சிருவாக. இது வேற சோலி. மாட்டுற சாமான் எது எது? தண்ணிக்கு மேல எது, கீழ எது?"

சொன்னேன். பென்சிலை எடுத்து ஒரு அட்டையில் படகு மாதிரி ஒன்றை வரைந்து புள்ளி வைத்தார். கொண்டிக்கும் கயிற்று வளையத்துக்கும் அவ்வளவு கவலை வேண்டாம், அந்த அடி ஓட்டைதான் உயிர் என்றார்.

"சிலிக்கான் வைக்கலாமா?"

"அது கண்ணாடிக்கும் வாஷ்பேசினுக்கும். தண்ணிக்குள்ளயே கெடந்து அசையிற எடத்துல தோலு மாதிரி உரிஞ்சிரும். அதை விடக் கொடுமை, அது பட்ட எடத்துல பொறவு வேற எதுவும் ஒட்டாது."

"ரெண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைஞ்சு அடைப்பாங்களே, அந்தப் பசை?"

"கல்லு மாதிரி இறுகும். படகு நெளியும், கல்லு நெளியுமா? கீறல் விட்ரும்." பலகைக்குப் போய் ஒரு குவளையை எடுத்து வந்தார். பைபர் துண்டில் ஒட்டிய பித்தளை வில்லை. "இழு பார்ப்போம்." இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அசையவில்லை. "இது தூத்துக்குடியில படகு கட்டுறவுக வைக்கிற கறுப்புப் பசை. ரப்பரு மாதிரி கூடவே நெளியும், விடாது. ஆனா ஏழு நாளு. ஏழு நாளு காயாம தண்ணியில காட்டவே கூடாது. எண்ணெய் ஒரு சொட்டு இருக்கக் கூடாது, தின்னரை வச்சு ரெண்டு தடவை துடை. போல்ட்டை மொத நாளு பாதி முறுக்கு, இறுகுன பொறவு மிச்சம். ஒரேயடியா முறுக்குனா பசை அம்புட்டும் வெளிய பிதுங்கிரும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு."

"எப்ப தண்ணியில இறக்குறீய?"

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் இறக்க நாள் குறித்தாகிவிட்டது. மார்கழி பிறந்துவிட்டால் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. தை வரைக்கும் தள்ளிப்போட அண்ணன் கூட்டாளிகள் யாருக்கும் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை என்று சொன்னால் அந்த அம்மா என்னையும் நடையைக் கட்டச் சொல்லியிருப்பார்.

"தையிலதான் பாயம்மா. அவசரமே இல்லை" என்றேன். நாக்கு கூசவில்லை.

"அப்படிச் சொல்லு!" பசை ட்யூபை எடுத்துக் கொடுத்தபோது அவர் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். "இந்த ஊருல கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொன்னவன் நீ ஒருத்தன்தாம்லே."

புதன்கிழமை வன்னியம்பட்டிக்குப் போனால், மதினி படகை வீட்டுக்கு வந்த லட்சுமி என்று முனையிலிருந்து அடிவரைக்கும் நல்லெண்ணெயும் மஞ்சளும் தேய்த்து வைத்திருந்தார். ஓட்டையைச் சுற்றியும் மஞ்சள். தின்னர் நான் வாங்கவே இல்லை, பழைய வேட்டித் துணிதான் கையில் இருந்தது. அதை வைத்துத் துடைத்தேன். பசையை வைத்தேன். போல்ட்டைப் பாதியில் நிறுத்த நேரம் ஏது? ஒரேயடியாக முறுக்கினேன். பசை சுற்றிலும் பிதுங்கி வந்தது.

"ஏழு நாளு காயணுமாம்ணே" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏழு நாளா? மார்கழி பொறந்துரும்லே. நல்லநாளு பார்த்து வச்சிருக்கு, கடைக்காரி சொன்னான்னு மாத்தவா?" என்றார் அண்ணன்.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? செத்த நேரம் நின்று சண்டை போட்டிருக்கலாம். ஒரு பொம்பளை பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஊரான் வீட்டுச் சுவருக்குச் சண்டை போட்டாள். நான் கூடப்பிறந்தவனின் உயிருக்குப் போடவில்லை. வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்துப் படகை இறக்கினார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அந்த அம்மா சும்மா பயம் காட்டுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்கழி மூன்றாவது வாரம் கண்மாயின் நடுவில் வளையம் கழன்றது. ஈர வலையின் கனம் வேறு. படகு பின்பக்கமாக முங்கியது. கூடப் போனவர் அண்ணனின் தலைமுடியைப் பிடித்து, மிதந்த துடுப்பைக் கொடுத்துக் கரைக்கு இழுத்து வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் படுக்கை. பிழைத்தார். கயிறு கட்டிப் படகை இழுத்தபோது பித்தளை வளையம் ஒரே ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அதைக் கழற்றினேன். வளையத்தின் உள்பக்கம் பசை அங்கங்கே பிசுக்காக இருந்தது, அதில் மஞ்சள் அப்பியிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் எழுந்து நடமாடியதும் முதல் வேலையாகக் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பாயம்மா கடைக்குக் கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பட்டப்பகல், கடை நிறைய ஆள்.

"என்ன எழவைக் குடுத்தீய? சாகப் பார்த்தேனே!" என்று அண்ணன் கத்தினார். ஒருத்தன் பாயம்மாவின் மதத்தை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவனை அறைய அன்றைக்கும் கை வரவில்லை. வழக்கமாக எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல், அன்றைக்குத் தாழ்ந்துதான் வந்தது. பாயம்மா என்னை மட்டும் பார்த்தார்.

"தம்பி, எத்தனை நாளு காய விட்ட?"

"ஏழு நாளு."

"தைக்குன்னியே?"

"அண்ணன் அவசரப்பட்டாரு. ஏழு நாளு முடிஞ்சுதான் இறக்குனோம்."

அவர் யோசித்தார். விரல் விட்டு எண்ணினார். "அப்ப மார்கழி பொறந்திருக்குமே. மார்கழியில நீங்க புதுசா எதையும் தொடங்க மாட்டீயளே?"

"பழைய படகுதான பாயம்மா. அது புதுசுல சேராது" என்றேன். அண்ணனுக்கு உண்மை தெரியும். அவரும் தலையை ஆட்டினார்.

"அந்தப் பித்தளையைக் கொண்டா. நான் பார்க்கணும்."

"அது தண்ணிக்குள்ள போயிருச்சு."

என் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது. அதன் கனம் தோளை அறுத்தது. பாயம்மா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அண்ணன் முன்னால் நின்று, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "எம்மேலதான் தப்பு. மன்னிச்சிருங்க" என்றார். ஒழுகுகிற தொட்டிக்கும் உரிகிற சுவருக்கும் ஒரு நாளும் தலை குனியாத மனுஷி. நான் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பாயம்மா கடைப் பசையில் படகு முங்கியது என்கிற பேச்சு கிருஷ்ணன்கோவில் வரைக்கும் போனது. அவரிடம் திட்டு வாங்கிய கொத்தனார், பிளம்பர், பெயின்டர் அத்தனை பேரும் ஆசை தீரப் பேசினார்கள். என்ன கேள்வி கேட்டாள், இப்ப என்ன ஆச்சு பார்த்தியா என்று டீக்கடைக்கு டீக்கடை சிரிப்பு. அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு வீட்டுக் கதவுக்குக் கீல் வேண்டும் என்று ஒரு நாள் போனேன். வேறு கடை இல்லாமலா? கால் அங்கேதான் போனது. பலகையில் ஏழெட்டுக் குவளை, எல்லாவற்றிலும் பைபரில் ஒட்டிய பித்தளை.

"வா தம்பி. இதைப் பாரு, ஏழு நாளு காய வச்சுப் போட்டது. எல்லாம் நிக்குது, ஒண்ணுகூட விடல" என்றார். "உனக்கு மட்டும் எப்படி விட்டுச்சுன்னு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

அதற்குள் ஒருவர் உள்ளே வந்தார். மாடித் தண்ணீர்த் தொட்டியில் விரிசல், சிலிக்கான் ஒன்று வேண்டும் என்றார். இப்போது வெடிக்கும் பார் என்று நான் காத்திருந்தேன். சத்தியமாக, அந்தத் திட்டைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. பாயம்மா கை நீட்டி ட்யூபை எடுத்தார், கொடுத்தார், காசை வாங்கிப் போட்டார். வந்தவர் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்ன பாயம்மா, தொட்டிக்கு அது நிக்காதே! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று கத்தியேவிட்டேன்.

"கேட்டு என்ன தம்பி செய்ய?" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். "உங்கிட்ட அம்புட்டும் கேட்டுத்தான குடுத்தேன்."

ரெண்டு கீல் வேண்டும் என்றேன்.